நோன்பு நோற்க ஒரு வீடு

மார்கழிக் கச்சேரிகளுக்காகச் சென்னை வருகிறவர்கள் ஓட்டல் வாடகையைக் கேட்டுத் திகைத்து, மயிலாப்பூரில் காலை உணவோடு அறை தரும் வீடுகளைத் தேடுவார்கள். அப்படித் தேடிப்போன எனக்கு வாய்த்த வீட்டுக்காரர் சாமானியர் அல்லர். பற்றறுத்தவர்.

இத்தகைய வீடுகளுக்குத் தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்துச் சான்று கொடுக்கும் திட்டம் ஒன்றை மத்திய சுற்றுலா அமைச்சகம் வைத்திருக்கிறது. அறைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது, படுக்கைகள் 12-ஐத் தாண்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வந்தவர் நம் குடும்பத்துச் சாப்பாட்டையும் பேச்சையும் கொஞ்சம் அனுபவிக்கட்டுமே என்ற ஆசை. வீடு வாசல் என்று கட்டுண்டு கிடக்கும் மனிதர்களுக்கு எழுதிய விதி இது. நம்மவரோ வீட்டையே துறந்தவர். வாசலில் எண்பூட்டு, எண் வாட்ஸ்அப்பில் வரும். பணத்தை மட்டும் அவர் துறக்கவில்லை. அது முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சுவரில் சான்றிதழ் ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்தேன். அந்த உலகியல் பெருமையும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

“ஓனர் எப்பக்கா வருவாரு?” என்று பெருக்க வந்த அம்மாளிடம் கேட்டேன்.

“அவரு வேளச்சேரியில இருக்காரு சார். நானே பாத்து ஆறு மாசமாச்சு.”

ஆளாக வராவிட்டால் என்ன, எழுத்தாக எங்கும் நிறைந்திருந்தார். செருப்பை உள்ளே கொண்டுவராதீர். துணி துவைக்காதீர். ஏசியை 24-க்குக் கீழே வைக்காதீர். பத்து மணிக்கு மேல் பேசாதீர். கட்டிலுக்கு நேர் எதிரே, கண் விழித்ததும் படும்படி: துண்டு காணாமல் போனால் 400 ரூபாய். அந்தத் துண்டைப் பார்த்த எவருக்கும் திருட்டெண்ணம் வராது. விருந்தினரின் ஒழுக்கத்தைக் காக்க இதைவிட நல்ல வழி உண்டா?

சன்னலிலிருந்து கோபுர தரிசனம் என்று விளம்பரம் சொல்லியிருந்தது. கபாலீசுவரர் கோயில் ராஜகோபுரம் 120 அடி உயரம். அதையே முழுதாக மறைக்கும் ஒரு பக்கத்துச் சுவரைத் தேடிப் பிடித்து, அதற்கு நேராகச் சன்னல் வைப்பது எளிய காரியம் அல்ல. ஆனாலும் சொன்ன சொல் தவறவில்லை: சன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த காலண்டரில் கோபுரம் இருந்தது.

அந்தக் காலத்துக் கூடத்தை ப்ளைவுட் வைத்துத் தடுத்து இரண்டு அறை ஆக்கியிருந்தார். இதன் அருமை ராத்திரியில்தான் தெரிந்தது. அடுத்த அறைக்காரர் தம் மகளோடு போனில் பேசியதில், பேரனுக்குச் சளி குறைந்ததும் சம்பந்தி வீட்டு மனஸ்தாபமும் எனக்குத் தெரியவந்தன. ஒரு குடும்பத்தின் பேச்சு விருந்தினர் காதில் விழ வேண்டும் என்ற அமைச்சகத்தின் ஆசை வீண்போகவில்லை. அவர் பேசி ஓய்ந்ததும் ஏசி எடுத்துக்கொண்டது. சுருதிப்பெட்டி மாதிரி ஒன்றரைக் கட்டையில் தொடங்கி, விடிவதற்குள் இரண்டரைக் கட்டைக்கு ஏறிவிட்டது. சபாக்களில் இதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்.

இதெல்லாம் ஏன் என்று முதலில் விளங்கவில்லை. காலையில் விளங்கியது. இந்த வீட்டில் மார்கழி நோன்பு நடக்கிறது, திருப்பாவையில் சொன்ன முறைப்படி.

விடியுமுன் நீராட வேண்டும் என்பது நோன்பு. இங்கே குழாயில் தண்ணீர் நாலரை மணிக்கு வந்து ஆறு மணிக்கு நின்றுவிடும். கீசர் பழுது என்பதால் குளிர்ச்சிக்கும் குறைவில்லை. நெய் விலக்கு, பால் விலக்கு. காலை உணவாக வைத்திருந்த நான்கு பிரெட் துண்டிலும் விரல் அகல ஜாம் பாக்கெட்டிலும் இவற்றின் சுவடே கிடையாது. டீத்தூள் பை இருந்தது, பால் இல்லை. கண்ணுக்கு மையும் தலைக்குப் பூவும் கூடாதென்பதால் குளியலறையில் கண்ணாடி மாட்டவில்லை. மாட வீதியில் பஜனை போய்க்கொண்டிருந்தது, எல்லாம் பொருந்திவந்தது. சபா கேண்டீனுக்குப் போய், நெய் மிதக்கும் பொங்கலில் நான் விரதத்தை முறித்துக்கொண்டது அவருடைய குற்றம் ஆகாது.

கோள் சொல்லாதிருப்பதும் அந்த நோன்பில் சேர்ந்தது. ஆகையால் வீட்டின் பெயரும் தெருவும் என் வாயிலிருந்து வராது. சங்கீதம் கேட்க வருகிறவர்கள் முன்பணம் அனுப்பும் முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: “நீங்க அதே வீட்லதான் குடியிருக்கீங்களா?” ஆமாம் என்றால் தயங்காமல் போகலாம். பதிலுக்கு எண்பூட்டின் எண் வந்தால், நோன்பு நோற்பதாக இருந்தால் மட்டும் போங்கள்.