ஐயோவா, ஐயய்யோவா?

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் ஒரு லோடு ஏலம் முடிவதற்குள் ஒரு பூத் கமிட்டியை அமைத்துவிடலாம். போன வருஷக் கல்யாண மொய் நோட்டைத் திறந்து பெயர்களை இறக்கினால் போதும். இளைஞர் வேண்டுமா, மொய் வைத்தவரின் மகன். மகளிர் வேண்டுமா, அவர் சம்சாரம். பட்டியல் சென்னைக்குப் போய்விடும். அதில் இருப்பவருக்குத்தான் தகவல் போகாது. 2001 முதல் 2021 வரை ஐந்து சட்டமன்றத் தேர்தலிலும் அ.தி.மு.க.வின் கே.பி.அன்பழகனே ஜெயித்த தொகுதி இது. தோற்ற கட்சிகளின் கமிட்டிகளும் காகிதத்தில் குறைவில்லாமல்தான் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் இதையே சிரமப்பட்டுச் செய்கிறார்கள். 2008 ஜனவரி 3 அன்று ஐயோவா மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஒபாமா முந்தினார், ஹிலாரி மூன்றாமிடம். ஊர் ஊராக அலுவலகம் திறந்து, குளிரில் கதவு தட்டிய இளவட்டங்கள் அதற்கொரு முக்கியக் காரணம். வேட்பாளர் யாரென்று கட்சிக்காரனிடமே ஓட்டுக் கேட்கிறார்களாம்! நமக்கு அந்தச் சங்கடமில்லை. விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பிறகு தலைமை அறிவிப்பு. இருபது வருஷம் கொடி கட்டியவர் அதை டீக்கடை டிவியில் தெரிந்துகொள்வார். சமயத்தில் தொகுதியே கூட்டணிக்குப் போயிருக்கும்.

ஆனாலும் காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவில் ஐம்பது ஓட்டை எண்ணி, இரவு பதிவான ஓட்டுக் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தை வாங்கிக்கொண்டு போவது அந்தக் கொடி கட்டியவர்தான். அப்படி ஒருவரிடம் கேட்டேன்: “ஐயோவா தெரியுமாண்ணா?”

“மத்தியானம் சோத்துப் பொட்டலம் வரலைன்னா நாங்க சொல்றதுதானே தம்பி?”