தகுதிச் சான்று பெற்ற சில்வர் பெயின்ட்

அனுப்புநர்: ஏலத்தோட்ட ஜீப் ஒன்றின் உரிமையாளர், போடிமெட்டுக்கு மேற்கே.

பெறுநர்: வாகனத் தகுதிச் சான்று வழங்கும் அலுவலகம் (ஊர்ப் பெயரை விட்டிருக்கிறேன். எந்த அலுவலகமும் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளலாம்).

பொருள்: சைலன்சரின் ஒருநாள் அழகு குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

சென்ற முறை டெஸ்டுக்கு வந்தபோது, "சைலன்சர் ஒரே துரு, பெயின்ட் அடித்து நாளைக் காலை கொண்டு வா" என்று தாங்கள் திருப்பி அனுப்பினீர்கள். மறுநாளே பளபளவென்று கொண்டுவந்தேன். பார்த்தீர்கள், முகம் மலர்ந்தீர்கள், சான்று தந்தீர்கள். நடுவில் ஓர் இரவில் நடந்தது இதுதான்: துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரெட் ஆக்ஸைடு, அதற்கு மேல் வீட்டு கேட்டுக்கு அடிக்கும் சில்வர். மலை ஏறும்போதே புகைந்தது. கிளட்ச் கருகுகிறதோ என்று பின்னால் இருந்த அக்காக்கள் கேட்டார்கள். அந்த வாரத்துக்குள் பெயின்ட் அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்துவிட்டது. சான்று மட்டும் இன்றுவரை நிறம் மாறவில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 120-ஆம் விதியைப் படித்துப் பார்த்தேன். சைலன்சர் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது. மின்ன வேண்டும் என்று எங்கும் காணோம். என் பிரதியில் அந்தப் பக்கம் கிழிந்திருக்கலாம்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் எங்கள் பட்டறைப் பெயின்டர் சொன்னதைக் கோப்பில் சேர்க்க வேண்டுகிறேன். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறும் டீசல் வண்டியில், இன்ஜினை ஒட்டிய மேனிஃபோல்ட் 500 டிகிரியைத் தொடலாம். பின்னால் தொங்கும் சைலன்சர் பெட்டிக்கு அதில் பாதிச் சூடுகூட இருக்காது. எல்லா இடத்துக்கும் ஒரே டப்பா என்பது வியாபாரம். சூடு தாங்கும் அலுமினிய பெயின்டுக்கு ஐ.எஸ். 13183 என்று இந்தியத் தரமே இருக்கிறது: 600, 400, 200 டிகிரி என மூன்று தரம். கடையில் கேட்டால், டப்பாவில் சிவப்பு மையில் அச்சடித்த 650-ஐக் காட்டுகிறார்கள். அந்த 650-ஐ யார் சோதித்தது என்று கேட்டால் விலையைச் சொல்கிறார்கள்.

சரியான டப்பாவே கிடைத்தாலும் வேலை பாதிதான். வயர் பிரஷ் போட்டு வெறும் இரும்பு தெரியத் தேய்க்க வேண்டும். தின்னரால் துடைத்த பிறகு கை படக்கூடாது. ரெட் ஆக்ஸைடும் பட்டியும் கூடாது, இரண்டும் சூட்டில் விட்டுப்போகும். மெல்லிசாக இரண்டு கோட். இந்தப் பெயின்டில் இருப்பது சிலிக்கோன் பிசின். காற்றில் காய்ந்தாலும் வேகாது. 200 டிகிரிக்கு மேல் சூடு பட்டால்தான் இரும்பைக் கெட்டியாகப் பிடிக்கும். அதற்கு முன் ஒரு சொட்டு டீசல் பட்டால் துடைத்துக்கொண்டு போய்விடும். எனவே இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு, ஆறவிட்டு, மறுபடி கூடுதல் நேரம் ஓடவிட்டுப் படிப்படியாக வேகவைக்க வேண்டும். "நாளைக் காலை கொண்டு வா" என்ற தங்கள் கெடுவுக்குள் இது எதுவும் அடங்காது. கேட் சில்வர் அடங்கும்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் லாரி வைத்திருக்கும் என் மச்சான், "எங்க ஊர் வெயில்தான் பெயின்டைத் தின்னுது" என்கிறான். 40 டிகிரி வெயிலைச் சைலன்சர் ஒரு பொருட்டாகவே மதிக்காது. மூணாறுச் சாலையில் கொதிக்கக் கொதிக்க ஓடிவந்து மழைத் தண்ணீரில் இறங்கும்போதுதான் பூச்சு வெடிக்கிறது. அதைவிடப் பெரிய சங்கதி உள்ளே இருக்கிறது. எரிந்த புகையில் வரும் நீராவி, குறுகிய ஓட்டங்களில் வெளியேறாமல் பெட்டிக்குள்ளேயே அமிலத் தண்ணீராகத் தங்கி உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியில் வெள்ளியே பூசினாலும் அதற்குத் தெரியாது, தங்களுக்கும் தெரியாது.

இன்னொரு பயம். வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. என் சைலன்சர் டெஸ்ட் அன்று வெள்ளி, வாரக் கடைசியில் கருப்பு, இடவப்பாதி மழைக்குப் பின் செங்காவி. எத்தனை மாற்றம் என்று கணக்கிட்டுத் தெரிவித்தால் ஜீப்பை விற்றுக் கட்டிவிடுகிறேன்.

விடியற்காலையில் போடி, கம்பம் பக்கத்துப் பெண்களை ஏலக்காட்டுக்கு ஏற்றிவரும் ஜீப் இது. ஓட்டை விழுந்தால் புகை அவர்கள் மடியில்தான் ஏறும். அடுத்த டெஸ்டுக்குப் பெயின்ட் அடிக்காமல், தேய்த்த இரும்போடு வருகிறேன். இன்ஜினை ஓடவிட்டு, வால் குழாயைத் துணியால் அடைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். எங்காவது புஸ்ஸென்று காற்று கசிந்தால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். கசியாவிட்டால் சான்று தாருங்கள். நல்ல பெயின்டை நான் ஊருக்குப் போய், நிதானமாக அடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
ஜீப்காரன்

நகல்: இந்தியத் தர நிர்ணய அமைவனம், புது தில்லி. எந்தத் தரம் என்பதை டப்பாவின் மேல் கட்டாயமாக அச்சிட வைக்கவும், தமிழிலும் மலையாளத்திலும்.