பேரருவியில் பணி ஒதுக்கீடு: ஓர் ஆய்வு

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைத்த 'பரம் பொருள்' மீக்கணினியின் வேகம் 838 டெராஃபிளாப். அதில் யாருடைய கணக்கு எப்போது, எத்தனை முனைகளில் ஓட வேண்டும் என்பதை ஒரு மென்பொருள் தீர்மானிக்கிறது. குற்றாலம் பேரருவியில் அதே வேலையை ஒரு போலீஸ் விசில் பார்க்கிறது. அறிஞர் உலகம் இந்த ஒற்றுமையை இன்னும் கவனிக்காததால் இக்கட்டுரை.

ஆய்வுக் காலம் ஆனி, ஆடிச் சாரல். மேலிருந்து விழும் சிற்றாறு பொங்குமாகடலில் வேகம் தணிந்த பிறகே மனிதத் தலைகளுக்கு வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் ஆராய்வதற்கு ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

ராஜபாளையத்திலிருந்து வேனில் வந்த மாமன் மச்சான்மார் பத்துப் பேரை எடுத்துக்கொள்வோம். நின்றால் பத்துப் பேரும் சேர்ந்துதான் நிற்பார்கள். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பணிகளை ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும் என்று கணினி அறிஞர் ஜான் ஔஸ்டர்ஹௌட் 1982-இல் எழுதியதும் இதைத்தான். ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே என்றால் முதுகு தேய்ப்பது யார்? ஆனால் பத்து இடம் காலியாகும்வரை நாலைந்து இடம் சும்மா கிடக்கும். அங்கேதான் தென்காசிக்காரர் ஒருவர் துண்டோடு நுழைகிறார்.

இந்த நுழைவை 1995-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் முறைப்படுத்தியது: வரிசையில் முதலில் நிற்பவருக்குத் தாமதம் ஆகாதென்றால் பின்னால் நிற்கும் சிறு பணி முந்தலாம். அதற்கு ஒவ்வொருவரும் தமக்கு ஆகும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கெடு தாண்டினால் கணினி பணியைக் கொன்றுவிடும் என்பதால், கணினிக்காரர்கள் ஒரு மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரம் கேட்பார்கள். அந்தப் பொய்யால் பெரிய கேடில்லை, சில வேளை நன்மைகூட உண்டு என்று முஅலம், ஃபைட்டெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். குற்றாலத்துப் பொய் எதிர்த்திசையில் போவது. "ரெண்டே நிமிசம் அண்ணாச்சி, இந்தா வந்துருதேன்." அதற்குப் பிறகு அந்தத் தலை அருவியை விட்டு வெளியே வருவதில்லை. விசிலுக்குக் கொல்லும் அதிகாரமும் இல்லை.

வெள்ளம் அருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டினால் மட்டும் எல்லாப் பணிகளும் ஒரே நொடியில் ரத்து. நனைந்தவர் நனைந்தபடி கரையேற வேண்டும்.

மீக்கணினியை நிறையப் பயன்படுத்தியவர் அடுத்த முறை பின்னுக்குத் தள்ளப்படுவார். பேரருவியிலும் அதைக் கொண்டுவரலாம்: தலை ஈரமாயிருந்தால் வரிசையின் கடைசிக்கு. ஆனால் ஆடிச் சாரலில் அருவிப்பக்கமே போகாமல் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவருக்கும் தலை ஈரம்தான்.