பாம்... பாம்... பாம்: ஹாரன் இடைவெளி இயல், ஓர் அறிமுகம்

மோட்டார் சைக்கிள் ஹாரனைப் பற்றிப் பேசுவோர் அதன் சத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இரண்டு சத்தங்களுக்கு நடுவில் விடவேண்டிய மௌனத்தைச் சீண்டுவாரில்லை. இக்குறையைத் தீர்க்க முன்வந்திருப்பவர்கள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் சட்டைப்பையில் டெஸ்டரோடு உதிரிபாகம் பொறுக்கும் அறிஞர்கள். பட்டனை அழுத்தினால் ஒரே இழுப்பாக அலறாமல், விட்டுவிட்டுத் தானே ஒலிக்கும் ஹாரன் இவர்களது ஆய்வுப்பொருள்.

வரலாற்றுப் பின்னணி இல்லாத ஆய்வேட்டில் எந்த வழிகாட்டியும் கையெழுத்துப் போடுவதில்லை. 1908இல் விற்பனைக்கு வந்த கிளாக்ஸன் ஹாரனை உருவாக்கிய அமெரிக்கர் மில்லர் ரீஸ் ஹட்சிசன், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மின்சாரக் காதுகேள் கருவியையும் செய்தவர். மருந்தை முதலில் விற்றுவிட்டு, நோயை அப்புறம் கண்டுபிடித்திருக்கிறார்.

இன்றைய டிஸ்க் ஹாரனுக்குள் ஒரு காயில், ஒரு மெல்லிய தகடு, ஒரு ஜோடி பாயிண்ட். கரண்ட் பாய்ந்ததும் காயில் தகட்டை இழுக்கும். அந்த இழுப்பில் பாயிண்ட் விலகிக் கரண்ட் அறும். தகடு பழைய இடத்துக்கு வர, பாயிண்ட் மறுபடி சேரும். வினாடிக்குச் சுமார் 400 முறை இந்தக் கூத்து. ஆக, ஹாரன் பிறவியிலேயே விட்டுவிட்டு இயங்குவதுதான். 400 இடைவெளிகளின் தலையில் இன்னும் மூன்றை ஏற்றுவதே நம் அறிஞரின் பங்களிப்பு.

அந்த மூன்றைத் தருவது 555 ஐ.சி. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்த எட்டுக்கால் பிராணி. 8, 4ஆம் கால்கள் பிளஸில். 1ஆம் கால் எர்த்தில். பிளஸுக்கும் 7க்கும் நடுவே 10 கிலோ ஓம், 7க்கும் 6க்கும் நடுவே 100 கிலோ ஓம். 6ஐயும் 2ஐயும் இணைத்து, 2.2 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வழியாக எர்த்துக்கு. வினாடிக்கு மூன்று துடிப்பு 3ஆம் காலில் வந்துவிடும். 16 வோல்ட் வரை தாங்குவதால், ஓடும் வண்டியின் 14 வோல்ட்டுக்கு ஐ.சி. அசராது.

இதற்குமேல் அறிஞருலகம் இரண்டாகப் பிளக்கிறது.

நேரடிவாதிகள் 3ஆம் காலிலிருந்தே ஹாரனுக்கு ஒயர் இழுப்பவர்கள். 555 தரக்கூடியது 200 மில்லிஆம்பியர். ஹாரன் கேட்பதோ இரண்டு ஆம்பியருக்கும் மேல். இக்கட்சியாரின் ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் புகை வடிவில்தான் வெளியாகின்றன. ரிலேவாதிகள் நிதானஸ்தர்கள். 3ஆம் கால் ஒரு டிரான்சிஸ்டரைத் தூண்ட, அது ரிலேயை இழுக்க, ரிலேயின் 30, 87 முனைகள் ஹாரனின் சுமையைத் தாங்கும். ரிலே காயிலின் 85, 86 முனைகளுக்குக் குறுக்கே 4007 டயோடு, கோடு போட்ட பக்கம் பிளஸுக்கு. காயில் அணையும்போது எதிர்த்திசையில் எகிறும் வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடாமல் காப்பது அதுதான்.

ரிலேவாதத்துக்கும் ஓர் ஓட்டை உண்டு. சாதாரண வாகன ரிலே சுமையோடு ஒரு லட்சம் முறை இயங்கினாலே பெரிது. வினாடிக்கு மூன்று என்றால் மொத்த ஆயுள் ஒன்பது மணி நேரத்துச் சொச்சம். கிராமத்தில் அது தலைமுறைச் சொத்து. அண்ணா சாலையில் எவ்வளவு காலம் என்பது தனி ஆய்வுக்குரியது.

எஞ்சியிருப்பது சட்ட விளக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி, அடுத்தடுத்து வெவ்வேறு சுரம் எழுப்பும் ஹாரனைத் தடுக்கிறது. இங்கே இருப்பது ஒரே சுரம், நடுவில் இடைவெளி மட்டுமே என்று அறிஞர் வாதிடலாம். மிரளவைக்கும் ஓசையையும் அதே விதி தடுக்கிறது என்று போக்குவரத்துக் காவலர் எடுத்துக்காட்டலாம். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல் பதிப்புக்கு 1,000 ரூபாய் அபராதம். இரண்டாம் பதிப்புக்கு 2,000.