மடக்கிக் குத்து: இச்சைச் செயல் பற்றி ஓர் எல்லையோர ஆய்வு

மனிதன் தன் கைகாலைத் தானே ஆள்வது எப்படி என்று அறியக் குரங்குகளையும் பியானோக்காரர்களையும் சோதித்துப் பார்த்த அறிஞர்கள், கேரள எல்லையோர இஞ்சிவிளையிலிருந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை வரை சாலையோரத்தில் நாள் முழுதும் இலவசமாக நடக்கும் பரிசோதனையைக் காணாமல் விட்டது இத்துறையின் பெருங்குறை. கணுக்கால்வரை தொங்கும் வேட்டியையோ சாரத்தையோ முழங்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் செருகும் மடக்கிக் குத்தைத்தான் சொல்கிறோம். கைதேர்ந்தவர் இதற்காக நிற்பதும் இல்லை, குனிவதும் இல்லை. நடக்கும்போதே ஒரு குதிகால் பின்னுக்கு எழுந்து விளிம்பை எற்றுகிறது. மேலே வரும் துணியைக் கைகள் பிடித்து, முன்பக்கம் குறுக்காக மடித்துச் செருகிவிடுகின்றன. இதற்கிடையே ஊராட்சித் தேர்தல் பற்றிய பேச்சு அரைச்சொல்கூடத் தடைபடுவதில்லை.

இதைக் கால் கற்றதா, தலை கற்றதா என்பதே முதல் வினா. 1920களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சுத்தியலின் முனை அடிக்கு அடி ஏறத்தாழ ஒரே இடத்தில் இறங்கியது. தோளும் முழங்கையும் மணிக்கட்டுமோ ஒவ்வோர் அடியிலும் வெவ்வேறு விதமாக வளைந்தன. ஆக, உடல் மனப்பாடம் செய்வது அசைவை அல்ல, அசைவின் பலனை. பெர்ன்ஸ்டைன் பாறசாலைக்கு வந்திருந்தால் படப்பெட்டிச் செலவு மிச்சமாகியிருக்கும். கஞ்சி மொரமொரப்போடு நிற்கும் பாலராமபுரம் கைத்தறி வேட்டி ஓர் எற்றுக்கே விறைப்பாக எழும். பத்து வருடம் துவைத்த சாரமோ காலைச் சுற்றிக்கொள்ளும். மழையில் நனைந்தது ஒரு கனம், பேருந்துக் காற்றில் பறப்பது இன்னொரு கனம். குதிகாலின் பாதை தடவைக்குத் தடவை மாறினாலும் துணி போய்ச் சேரும் இடம் மட்டும் மாறுவதில்லை. ஃபிட்ஸும் போஸ்னரும் திறன் கற்றலுக்கு 1967இல் வகுத்த மூன்று படிகளையும் இங்கே தெருவிலேயே காணலாம்: காலைப் பார்த்துக்கொண்டே எற்றும் பையன், பார்க்காமல் எற்றித் தவறவிடும் கல்லூரி மாணவன், எற்றியதே தெரியாத அவன் அப்பா. அந்த அப்பாவிடம் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் விளக்கமாட்டார், செய்துகாட்டுவார். புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு நோயாளி, கண்ணாடியில் பார்த்து வரையும் திறனை மூன்று நாளில் கற்றும், கற்ற ஞாபகமே இல்லாதிருந்ததைப் பிரெண்டா மில்னர் 1962இல் வெளியிட்டார். கை அறிந்ததை நாவும் அறிந்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை.

மடக்கிக் குத்து மலையாள சினிமா கற்றுக்கொடுத்த மிடுக்கு என்பார் உண்டு. 1995இல் 'ஸ்படிகம்' வெளிவருவதற்கு முன்பும் இங்கே சேற்றுவயல்கள் இருந்தன என்பதே போதிய மறுப்பு. மாநிலப் பழக்கம் என்பாருக்கும் விடை சுருக்கம்தான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. போலீஸின் தொப்பியும் பேருந்தின் நிறமும் மாறின. எல்லைக்கு இப்பால் களியிக்காவிளையில் ஏற்றிய மடிப்பு, அப்பால் பாறசாலையில் இறங்கவில்லை.

ஆனால் ஏற்றுவதைவிட இறக்குவதுதான் ஆய்வுக்குரியது. எதிரே பழைய வாத்தியார் வந்தாலோ, மூத்த மாமன் வந்தாலோ, மகாதேவர் கோயில் நடை நெருங்கினாலோ, மடிப்பு தானாக அவிழ்ந்து கணுக்காலைத் தொடுகிறது. தானாக நடப்பதை இச்சைச் செயல் என்பது எப்படி என்று தடைசொல்வோர் பெஞ்சமின் லிபெட்டைத் துணைக்கு அழைப்பார்கள். விரலை அசைக்க நினைத்ததை மனிதன் உணர்வதற்கு முன்பே மூளையில் அதற்கான மின்மாற்றம் தொடங்கிவிடுகிறது என்று 1983இல் காட்டியவர் அவர். அசைவுக்குச் சுமார் அரை வினாடி முன்பே மூளை புறப்பட்டுவிட, மனம் பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறதாம். இருக்கட்டும். ஆனால் மருத்துவர் தட்டியும் முழங்கால் துள்ளாவிட்டால் யாரும் அதை அவமரியாதை என்பதில்லை. தும்மியவன்மேல் ஊர்க்கூட்டத்தில் புகார் வந்ததில்லை. மாமனைக் கண்டும் மடிப்பை இறக்காத மருமகனுக்கோ அடுத்த கல்யாண வீட்டில் பந்தி கிடைப்பது சந்தேகம். ஒரு செயலைச் செய்யாமல் விட்டதற்காக ஒருவன்மேல் கோபப்பட முடியுமென்றால் அது இச்சைச் செயலே. லிபெட்டும் தொடங்கிய அசைவைக் கடைசி நொடியில் தடுக்கும் உரிமையை மனத்துக்கு விட்டுவைத்தார். அந்த உரிமையை மருமகன்கள் பாகப்பிரிவினைக்குப் பிறகு தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

மடிப்பை இறக்காத மருமகன் மாமனைக் கவனிக்காமல் போயிருக்கலாமே என்பது கடைசித் தடை. மெய்யாகவே கவனிக்காதவனின் கை, இருந்த இடத்திலேயே இருக்கும். கவனித்தவனின் கையோ பழக்கத்தால் இடுப்புக்குப் போய்விடும். போன கையைச் சும்மா திருப்ப முடியாமல் அவன் செருகலை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுவான். ஆகவே தீர்ப்பு இது: மாமன் கடக்கும்போது மடிப்பை இறுக்கியவன் கண்டுதான் இறுக்கினான்; மன்னிப்பு கேட்க வேண்டியது அவனே, அவன் மூளை அல்ல.