ஜெனிவாவில் தரிசனம்

சிதம்பரத்துக்காரர் ஒருவர் ஐரோப்பா டூர் போனார். ஜெனிவாவில் அவரை மெய்சிலிர்க்க வைத்தது ஏரியல்ல, பழைய தேவாலயமுமல்ல; ஊரை ஒட்டிய செர்ன் ஆய்வகத்து நடராஜர். 2004-ல் இந்திய அரசு தந்த 2 மீட்டர் சிலை. சளைக்காமல் செல்ஃபி எடுத்தார். குடியிருப்பது கீழ வீதி. ஊர் நடராஜரைக் கடைசியாகப் பார்த்தது எந்த ஆனித் திருமஞ்சனத்தில் என்று வீட்டம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

அவருடைய கடலூர்ச் சம்பந்தி இன்னும் ஒரு படி மேல். ஐரோப்பாவில் கோட்டைக்குக் கோட்டை யூரோவில் சீட்டு வாங்கியவர். 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் விலைக்கு வாங்கி, பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை தமதாக்கிக்கொண்ட புனித டேவிட் கோட்டை (சர்வேயர் செலவு மிச்சம்!) அவர் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம். பிற்பாடு கிளைவே அதிகாரம் செய்த இடம்.

“அங்கே டிக்கெட் கவுண்டரே இல்லையே சம்பந்தி, என்னத்தைப் பார்க்கிறது?”