கவரேஜ் காக்கா

அம்பாறைக் கரையோரத்தில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நெடுஞ்சாலையை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களில், வீடு ஓரிடத்திலும் வயல் வேறோரிடத்திலுமாக வாழ்ந்து, இரண்டிடத்திலும் கைபேசிக்கு அலை கிடைக்காமல் அல்லற்படும் மனித வகையொன்று உண்டு. தமையனைக் குறிக்கும் அவ்வூர் முறைப்பெயரைச் சேர்த்து அவரைக் ‘கவரேஜ் காக்கா’ என்று அழைக்கலாம். அவருடைய வீடு அக்கரைப்பற்றின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் இருக்கிறது. அவருடைய வயலோ சாகாமப் பக்கத்து வட்டையில், அதாவது பலருடைய வயல்கள் தொடர்ந்து கிடக்கும் பெருவெளியில் இருக்கிறது.

வீட்டில் நேரும் துன்பத்துக்குக் காரணம் தொலைவு அன்று. மொட்டை மாடியில் ஏறி நின்றால் அலைபரப்புக் கோபுரமே கண்ணுக்குத் தெரியும். கீழே இறங்கி மண்டபத்துக்குள் நுழைந்தால் பேச்சு அறுந்துவிடும். கம்பி நெருக்கமாக வேய்ந்த கொங்கிறீற்றுத் தட்டு அலையின் வலுவில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது என்பதும், அதிர்வெண் கூடக்கூடச் சுவரை ஊடுருவும் திறன் குறைகிறது என்பதும் பொறியியலாளர் அறிந்த செய்திகள். ஆனால் பக்கத்து வளவுக்காரர் போட்டதைவிட நெருக்கமாகக் கம்பி போடுமாறு மேசனை நெருக்கியவர் தாமே என்பதைக் காக்கா ஒருபோதும் நினைவுகூர்வதில்லை. எந்த மழைக்கும் தட்டு ஒழுகாது என்று விருந்தாளிகளிடம் பெருமை பேசும் அதே வாயால், கொம்பனிக்காரனுக்கு மனச்சாட்சி இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். ஆகவே அவர் கேற்றுக்கு வெளியே நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கட்டாரிலுள்ள மகனோடு உரத்த குரலில் உரையாடுவார். ‘இஞ்சருங்க, உள்ளுக்கு வந்து கதைங்களன், ஊருக்கே கேக்குது’ என்று மனைவி யன்னலோரமிருந்து கெஞ்சினாலும் பயனில்லை; மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் எந்த வீட்டில், எந்தக் காரணத்தால் குழம்பியது என்பதை ஒழுங்கை முழுவதும் அறிந்தது அவ்வாறுதான்.

வயலின் நிலை வேறு. கோபுரங்கள் பெரும்பாலும் மக்கள் செறிந்த கரையோரப் பட்டியை நோக்கியே எழுந்திருப்பதால், உள்நோக்கிச் செல்லச் செல்ல அலை மெலிகிறது. வட்டையில் வாடி எனப்படும் காவற்குடிசையின் தெற்குக் கப்பில் ஓர் ஆணி அடிக்கப்பட்டிருக்கிறது; அதில் பொலித்தீன் பையில் கட்டித் தொங்கவிடும்போது மட்டும் கைபேசி உயிர்பெறும், கையில் எடுத்ததும் அடங்கிவிடும். எனவே காக்கா ஆணிக்குக் கீழே நின்று, ஒலிபெருக்கியை இயக்கி, அண்ணாந்து பார்த்தபடி வெட்டு மெசினுக்குப் பேரம் பேசுவார். திரையில் தெரியும் கோடுகளில் அவருக்குள்ள நம்பிக்கையோ அசைக்க முடியாதது. எத்தனை கோடு என்ன வலுவைக் குறிக்கும் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் விருப்பப்படியே வகுத்துக்கொள்கிறார்கள் என்று எவரேனும் விளக்கினால், அவர் மூன்றாவது சிம் அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். மூன்றும் அங்கே ஒன்றுபோலவே செயலற்றவை. (கடன் கொடுத்தவர் அழைக்கும் நாட்களில் மட்டும் ஆணி எந்தக் கப்பில் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிடும், அதை இங்கு விரித்துரைப்பது நாகரிகமன்று.)

இலங்கையில் 1989ஆம் ஆண்டிலேயே, தெற்காசியாவில் முதன்முதலாக, செல்லிடத் தொலைபேசிச் சேவை தொடங்கியது என்பதும், போரின் காரணமாகக் கிழக்குக்கு அது பெரும்பாலும் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே பரவியது என்பதும் காக்காவின் வாதத்துக்கு உரமூட்டுகின்றன. தமது வட்டாரம் வஞ்சிக்கப்பட்டதென்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதப்படும் ஒவ்வொரு மகஜரிலும் முதற்கையொப்பம் அவருடையதே. எனினும், ஒழுங்கை முனையில் மச்சானின் வளவில் கோபுரம் அமைக்க ஆட்கள் வந்து அளந்து சென்றபோது, கதிர்வீச்சால் குருவிகளும் குழந்தைகளும் மடியுமென்று எழுந்த எதிர்ப்பு மகஜரிலும் முதற்கையொப்பம் அவருடையதாகவே இருந்தது.

இவ்விடத்தில் இயற்பியல் அவருக்கு இரங்குவதாயில்லை. கோபுரம் அருகிலிருந்தால் கைபேசி தன் வலுவைத் தானே தணித்துக்கொண்டு மெல்லப் பேசும். தொலைவிலிருந்தால் எட்டும்வரை வலுவைக் கூட்டிக்கொண்டே போகும். இரண்டாம் தலைமுறைக் கைபேசியொன்று சில மில்லிவாற்றில் முடிக்கக்கூடிய வேலையை, அலை மெலிந்த இடத்தில், 2 வாற்றுவரை உயர்த்திச் செய்ய நேர்கிறது. மின்கலம் நண்பகலுக்குள் வற்றுவதும் சாதனம் கன்னத்தைச் சுடுவதும் இதனாலேயே. ஆகவே தூரத்துக் கோபுரத்தின் கதிர்வீச்சுக்கு அஞ்சிய காக்கா, அதனினும் நெருங்கிய ஒன்றைக் காதோடு காதாக ஒட்டி வைத்துக்கொண்டுதான் அந்த அச்சத்தை ஊர்முழுதும் தொலைபேசியில் பரப்பினார்.

எதிர்ப்பு வலுத்ததால் அளக்க வந்தவர்கள் வேறிடம் தேடத் தொடங்கினர். கோபுரம் நிற்கும் காணிக்குரியவருக்கு மாதந்தோறும் வாடகை கிடைக்கும் என்ற செய்தி அதன் பின்னரே காக்காவின் காதுக்கு எட்டியது. மறுநாட் காலையில் அவர் கேற்றுக்கு வெளியே நின்று அவர்களுள் ஒருவரை அழைத்தார்: ‘தம்பி, எங்கட வீட்டுக்குப் பின்னால ஆறு பேர்ச் சும்மாதான் கிடக்கு. அந்தப் பக்கம் காத்து கடலுக்குத்தான் அடிக்கிற, கதிர் ஒண்டும் ஊருக்குள்ள வராது. அட்வான்ஸ் எவ்வளவு தருவீங்க? ஹலோ… தம்பி… கேக்குதா?’